குவாச்சிக்கு ஆடிய போக்கர்

நம் வயதுக்காரர்களுக்கு இது புரியும். சின்ன வயதில் நம்மைப் பற்றி வீட்டில் யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள். சோம்பேறி, வாயாடி, அழுமூஞ்சி, ஏதோ ஒன்று. பிறகு நாம் என்ன செய்தாலும் அந்த வார்த்தை நம்மை விட்டுப் போகாது. படித்து, வேலைக்குப் போய், பிள்ளைகளைக் கரையேற்றி, முட்டி தேய்ந்து உட்கார்ந்த பிறகும் கல்யாண வீட்டில் ஒருத்தி வந்து தோளைத் தட்டி அதையே சொல்வாள். என்னைப் பற்றிச் சொன்ன வார்த்தை, 'இவளுக்குப் பொய் சொல்ல வராது' என்பது. கேட்பவர்களுக்கு இது பாராட்டு மாதிரித் தெரியும். அது எப்பேர்ப்பட்ட தொல்லை என்று அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

எல்லாம் என் மூக்கால் வந்தது. மனசுக்குள் எதையாவது ஒளித்தால் போதும், மூக்கு நுனியில் பொட்டுப் பொட்டாக வேர்க்கும். கூடவே தொண்டையில் எச்சில் இறங்கும் சத்தம் வெளியே கேட்கும். பினாங்கில், டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு சந்துக்குள் வரிசை வீடு எங்களுடையது. அந்தச் சந்தில் பூந்தொட்டி உடைந்தாலும், கொடியில் காய்ந்த சட்டை காணாமல் போனாலும், அப்பா என்னை வாசலுக்குக் கூப்பிடுவார். "என் சின்னவளக் கேளுங்க. இவ மூஞ்சியே சொல்லிடும்" என்பார். துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தவர். காகிதத்தை நம்பமாட்டார், என் மூக்கை நம்புவார். அவருக்குப் பெருமை. எனக்கோ சந்தில் விளையாடக் கூட்டாளி கிடைக்காது. உளவாளியை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

அதிகம் அடிபட்டவள் அக்கா. ஒருமுறை நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சிநேகிதிகளோடு மத்தியானப் படம் பார்த்துவிட்டு வந்தாள். அப்பா அவளைக் கேட்கவே இல்லை. என்னைக் கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. மூக்கு வேர்த்தது, எச்சில் இறங்கியது, அவ்வளவுதான். அந்த வருஷம் தீபாவளித் துணி எடுக்க லிட்டில் இந்தியாவுக்கு எல்லாரும் போனபோது அக்கா மட்டும் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்ததும் என் புதுப் பாவாடையைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடி, போட்டுக்க" என்றாள். அதற்கு அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

இந்த நிலையில்தான் வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறைக்குப் பெரியப்பா மகன் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்தான். என்னைவிடக் கொஞ்சம் பெரியவன், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு துணிப்பை, ஒரு சீட்டுக்கட்டு, நிறைய வாய். அவன் வீட்டுப் பக்கத்துக் காப்பிக்கடையில் லாரி ஓட்டுநர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்துப் போக்கர் கற்றுக்கொண்டதாகச் சொன்னான்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடம் ஒன்று இருந்தது. துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, அம்மாவின் கறிவேப்பிலைச் செடி. அங்கே பாயை விரித்து நாலு பேர் உட்கார்ந்தோம். அண்ணன், நான், பக்கத்து வீட்டு டீச்சர் மகள், சந்து முனையில் மளிகைக்கடை வைத்திருந்த சீனரின் மகன். டீச்சர் வீடு கத்தோலிக்க வீடு. கிறிஸ்துமஸ் நெருங்கியிருந்ததால் அவர்கள் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. மதியமானால் வெண்ணெயும் முட்டையும் வேகும் வாசனை சுவர் ஏறி எங்கள் பாய்க்கு வந்துவிடும்.

பந்தயம் கட்டக் காசு கிடையாது. கடைக்காரர் மகன் ஒரு பிஸ்கட் டின் நிறையக் குவாச்சி கொண்டுவருவான். தர்பூசணி விதையை உப்புப் போட்டு வறுத்தது, நமக்கெல்லாம் பழக்கமானதுதான். ஆளுக்கு ஒரு பிடி. ஜெயித்தவர் ஜெயித்ததைத் தின்னலாம். இந்த விதியை யார் போட்டார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். தோற்ற விதைகள் எதிரிலேயே பல்லுக்கிடையில் 'டிக்' என்று பிளக்கும் சத்தத்தை விடுமுறை முழுக்க நான் கேட்டேன்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு ஐந்து சீட்டு. பிடிக்காததைப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். சீட்டு நன்றாக இருந்தால் விதையை நடுவில் போட்டுப் பந்தயத்தை ஏற்ற வேண்டும். மற்றவர்கள் அதற்கு ஈடு போட வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். எல்லாரும் விலகிவிட்டால் சீட்டைக் காட்டாமலே குவியல் நமக்கு. அதனால் கையில் ஒன்றுமே இல்லாதவனும் இருப்பது போல் ஆடி மற்றவர்களைப் பயமுறுத்தி விலக்கலாம். அதைத்தான் நாங்கள் 'புளப்பு' என்றோம்.

எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது, இது எனக்கான ஆட்டம் இல்லை என்று. கையில் குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு விதையை நகர்த்துவேன். மூவரும் என் சீட்டைப் பார்க்கமாட்டார்கள், மூக்கைப் பார்ப்பார்கள்.

"வேர்க்குது, வேர்க்குது!" என்று அண்ணன் கத்துவான்.

"உன் முக்கா டிவி மாதிரிலா," என்பான் கடைக்காரர் மகன். மலாயில் முக்கா என்றால் முகம். "எல்லாம் தெரியுது."

இன்னொரு கொடுமை, நல்ல சீட்டு வந்தாலும் பிரயோஜனம் இல்லை. மூக்கு காய்ந்து கண் இரண்டும் விரிந்துவிடும் போலிருக்கிறது. மூவரும் உடனே சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். போதாக்குறைக்கு அந்தக் கட்டில் ஒரு சீட்டு தொலைந்துபோய், சிகரெட் பெட்டி அட்டையை வெட்டி ஆட்டின் ஏழு என்று அண்ணனே எழுதி வைத்திருந்தான். அதன் முதுகு பொன் நிறம். யார் கையில் இருந்தாலும் ஊருக்கே தெரியும். அது எப்போதும் என் கைக்குத்தான் வரும்.

அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்ததாக நினைப்பு. "மூஞ்சிய மரக்கட்ட மாதிரி வச்சுக்க. சிரிக்காத, பேசாத, கண்ண அசைக்காத" என்றான். நானும் நல்ல மாணவியாகக் காலையில் எழுந்ததிலிருந்து பழகினேன். பல் விளக்கும்போதும் மரக்கட்டை, இட்லி தின்னும்போதும் மரக்கட்டை. சாயங்காலத்துக்குள் அம்மா பயந்துவிட்டாள். "பிள்ள ஒரு மாதிரி இருக்கு, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது" என்று என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, பூச்சியாக இருக்கும் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். கசப்பும் ஆரஞ்சு எசன்ஸும் கலந்த அந்த மருந்தின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. எனக்கு என்ன கஷ்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வயிற்றில் பூச்சி என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மறுநாள் மூக்கில் பவுடரை அப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். வேர்வை வந்ததும் பவுடர் குழைந்து மூக்கில் வெள்ளைக் கோடாக இறங்கியது. கடைக்காரர் மகன் பாயில் உருண்டு சிரித்தான். நான் டின்னைத் தட்டிவிட்டு எழுந்து போனேன். யாரும் சமாதானப்படுத்த வரவில்லை. சிந்திய விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதோடு விட்டிருப்பேன். அக்காவின் பையில் கையை விட்டதுதான் வினை.

அக்கா பள்ளியின் கடைசியான ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். அப்பா அவளை டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் வகுப்புகளில் சேர்த்திருந்தார். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நடுவில் சிநேகிதி வீட்டில் சாப்பாடு. அப்பா வேலை முடிந்து வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் ஹேர்பின் தேடப் போய் அவள் பையில் ஒரு தொப்பியைக் கண்டெடுத்தேன். நீல நிறம், முடி முழுவதையும் மூடுகிற மாதிரி ஓரத்தில் எலாஸ்டிக் வைத்தது. அந்த மாதிரித் தொப்பி போட்ட பெண்களைத் தொழிற்சாலை பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். பாயான் லெப்பாஸ் பக்கம் எலக்ட்ரானிக் பெக்டரிகள் வந்த புதிது அது.

அந்தப் பெண்களைப் பற்றி அப்பா என்ன பேசுவார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ராத்திரி ஷிப்டாம், கூட்டம் கூட்டமாக அறை எடுத்துத் தங்குவார்களாம், அந்தப் பக்கம் போன பெண்ணுக்கு மாப்பிள்ளை வராதாம். அவர் மகள் ஆபீசில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும்.

அக்கா தொப்பியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பயிற்சிக்குப் போய்க்கிட்டு இருக்கேன்டி. இந்த மாசம் முடிஞ்சா வேல நிரந்தரம். அப்புறம் நானே அப்பாகிட்ட சொல்லிடுவேன்."

"நான் சொல்ல மாட்டேன்க்கா. சத்தியமா."

"நீ சொல்ல வேணாம். உன் மூஞ்சி சொல்லிடும்." அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏண்டி பைக்குள்ள கைய விட்ட? தெரியாமலே இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமே."

அவள் திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை, எல்லாம் போயிற்று என்கிற சோர்வு. அன்று மதியம் நானாகவே போய் மறுபடி பாயில் உட்கார்ந்தேன்.

இந்தமுறை டீச்சர் மகளைக் கவனித்தேன். அவள்தான் அதிகம் ஜெயிப்பவள். மரக்கட்டை முகமெல்லாம் அவளிடம் கிடையாது. கிறிஸ்துமஸ் கவுனுக்கு எந்த லேஸ், கேக்கில் எத்தனை முட்டை என்று ஓயாமல் பேசுவாள். சீட்டு நன்றாக இருந்தாலும் லேஸ்தான், குப்பையாக இருந்தாலும் லேஸ்தான். நானும் பாவாடையைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். வேர்த்துக்கொண்டே பேசினேன். அண்ணன், "பாவாடைக்கு எதுக்குடி வேர்க்குது?" என்றான்.

எனக்குப் பிடி கிடைத்தது எரிச்சலால்தான். ஒரு நாள் என் கைக்கு மூன்று ராணிகள் ஒன்றாக வந்தன. வழக்கம்போல என் முகத்தைப் பார்த்து எல்லாரும் விலகினார்கள். எரிச்சலில் மூன்று ராணியையும் பாயில் விரித்துக் காட்டினேன். அதற்கு எனக்குக் கிடைத்தது நாலைந்து விதை. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு போட்டார்கள். எடுத்துப் பார்த்தேன், குப்பை, அந்தப் பொன் முதுகு ஏழு உட்பட. ஆனால் என் மனசு அதில் இல்லை. போன ஆட்டத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று ராணிகளும் அப்படியே கண்ணில் நின்றன, ஒருத்தியின் கன்னத்தில் இருந்த எண்ணெய்க்கறை உட்பட. நினைப்பிலேயே ஒரு கைப்பிடி விதையை நடுவில் தள்ளினேன்.

கடைக்காரர் மகன் என்னைப் பார்த்தான். கவிழ்த்தான். டீச்சர் மகளும் கவிழ்த்தாள்.

"மறுபடியும் ராணியா? என்ன அதிர்ஷ்டம்லா இவளுக்கு!" என்று அண்ணனும் சீட்டை எறிந்தான்.

மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

இல்லாததை இருப்பதாக நினைக்கப் பார்த்தால்தான் எனக்கு வேர்க்கிறது. என்றைக்கோ இருந்ததை நினைத்துக்கொண்டால் வேர்க்கவில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த வாய்கிழியப் பேசுகிற அண்ணனுக்கே இது தெரியாது. அன்று நான் ஜெயித்த விதைகளைத் தின்றேன். உப்பில் உதடு வெந்துபோகும்வரை தின்றேன்.

ஆனால் இரண்டு நாள்கூட அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. டீச்சர் மகள் என்னைப் பிடித்துவிட்டாள். பெரிய குவியல், எல்லாரும் விலகிவிட்டார்கள், அவள் மட்டும் லேஸைப் பற்றிப் பேசிக்கொண்டே ஈடு போட்டுக் காட்டச் சொன்னாள். என் கையில் ஒன்றுமில்லை.

"எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"முதல்ல ஒண்ணு ரெண்டு வெததான் போட்ட. நாலு சீட்ட மாத்தின. அப்புறம் திடீர்னு பணக்காரியாயிட்ட. நல்ல சீட்டு இருக்கிறவ நாலு சீட்ட மாத்துவாளா?" அவள் விதைகளைத் தன் பக்கம் இழுத்தாள். "ஆரம்பத்திலேர்ந்தே இருக்கிற மாதிரி ஆடணும். ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது."

எத்தனை தடவை தோற்றேன் என்று சொல்லி உங்களை அலுக்கவைக்கப் போவதில்லை. ஒன்று சரியானால் இன்னொன்று கெடும். மூக்கு காய்ந்தால் கை அவசரப்படும், கை அடங்கினால் தொண்டை சத்தம் போடும். கடைசியில் எப்போதாவது ஒருமுறை எல்லாம் கூடிவரும். அந்த அளவுக்குத்தான் தேறியிருந்தேன், அப்பா என்னைக் கேட்டபோது.

அன்று மதியத்திலிருந்தே பெருமழை. துறைமுகத்தில் வேலை நின்றுவிட்டது போலிருக்கிறது, அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணன் கடைக்காரர் வீட்டில் இருந்தான். வீட்டில் நான் மட்டும். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"அக்கா எங்க?"

அந்த வகுப்புக்கு அக்காவோடு நான் ஒருமுறை போயிருந்தேன். அந்த நாளை எடுத்துக் கண் முன்னால் வைத்துக்கொண்டேன். மரப்படி, பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் ஒன்றாகத் தடதடக்கும் சத்தம், பாதி கறுப்பும் பாதி சிவப்புமாக ரிப்பன், எழுத்துகளுக்கிடையில் மாட்டிக்கொண்ட அக்காவின் விரல்.

"டைப்பிங் கிளாஸ்லப்பா."

அவர் துண்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். சந்துக்காரர்கள் முன்னால் என்னை நிறுத்தி எப்படிப் பார்ப்பாரோ அப்படி. நான் மாட்டிக்கொண்ட விரலையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூக்கு காய்ந்தே இருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்பா மழைக்கோட்டை எடுத்தார்.

"மழ விடாது போலருக்கு. வா, போய்க் கூட்டிக்கிட்டு வந்துரலாம்."

பந்தயத்தை ஏற்றிவிட்டார். எனக்கு அந்த வார்த்தைதான் தோன்றியது. காய்ச்சல், வயிற்றுவலி, எதையாவது சொல்லிப் படுத்திருக்கலாம். நடுவில் நிறுத்தக் கூடாது என்ற டீச்சர் மகளின் பேச்சு காதில் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் ஏறினேன்.

அவருடைய மழைக்கோட்டின் பின்பாதியை என் தலைக்கு மேல் போட்டுவிட்டார். உள்ளே இருட்டு, ரப்பர் வாசனை, ஈரச் சட்டை ஒட்டிய அவர் முதுகு. வெளியே என்ன தெரு என்றே தெரியவில்லை. அந்த ஐந்து பத்து நிமிஷம் என் முகத்தை யாரும் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். உள்ளே நன்றாக வேர்த்துக்கொண்டேன். இறங்குவதற்கு முன்னால் அவர் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

வகுப்பு குயின் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கடைகளுக்கு முன்னால் ஓடுகிற அஞ்சடி நடைபாதையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் கூட்டம். அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு, "மேல போய்க் கூப்பிடு" என்றார்.

ஏறினேன். மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரத்தில் அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியில் வேறு யாரோ. நான் யாரையும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் இறங்கிவந்தேன்.

"அக்கா அப்பவே பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாளாம்."

"யார் சொன்னது?"

"சார்."

"சார் இருக்காரா?"

"இருக்காருப்பா." அவர் மேலே போய்க் கேட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆனாலும் இருக்கிற ஆளை இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மரப்படியில் செருப்புச் சத்தம். வகுப்பு நடத்துகிற சாரே குடையை விரித்துக்கொண்டு இறங்கி வந்தார். அப்பாவைப் பார்த்ததும் நின்றார். அக்காவைச் சேர்த்துவிட்டதே அப்பாதான், நன்றாகத் தெரியும். நாலு வார்த்தை போதும் அவர்களுக்கு. பொண்ணு எப்படிப் படிக்குது என்று அப்பா கேட்டால் போதும்.

"என்ன சார், மழ விடாது போலருக்கே," என்றார் அப்பா.

"ஆமாங்க. காலையிலேர்ந்து இப்படித்தான்." சார் அப்பாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பாத்துப் போங்க சார். அந்தப் பக்கம் தண்ணி ஏறியிருக்கு," என்றார் அப்பா.

சார் போய்விட்டார். அப்பா எதையும் கேட்கவில்லை. எனக்கு நம்பவே முடியவில்லை. உள்ளுக்குள் என்னவோ ஒன்று எகிறிக் குதித்தது. டீச்சர் மகளே, இதைப் பார்க்க நீ இங்கே இல்லையே என்றிருந்தது.

அப்பா மூலையில் இருந்த தள்ளுவண்டிக்கு அழைத்துப்போய் பீசாங் கோரெங் வாங்கிக் கொடுத்தார். எண்ணெயில் மாவு மொறுமொறுத்து, உள்ளே வாழைப்பழம் வாயைச் சுட்டது. அவர் தின்னவில்லை. நடைபாதைத் தூணில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசித் துண்டை வாயில் போட்ட பிறகுதான் பேசினார்.

"நாளைக்கு அக்காவ மறக்காம குடை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. பாயான் லெப்பாஸ் பக்கம் மழ அதிகம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பினார், மழைக்கோட்டைத் தூக்கிப் பிடித்தார், நான் உள்ளே புகுந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா ஈரத்தலையோடு சமையலறையில் நின்றாள். அப்பாவின் மோட்டாரையும் என்னையும் சேர்த்துப் பார்த்ததுமே அவள் முகம் போன போக்கு! அவர் உடை மாற்றப் போனதும் என்னைப் பின்பக்கம் இழுத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். குடை, பாயான் லெப்பாஸ்.

"சொல்லிட்டியா?"

"இல்லக்கா! டைப்பிங் கிளாஸ்னு சொன்னேன். மூக்குகூட வேர்க்கல. மேல போய்ட்டு வந்தும் சமாளிச்சேன். சார் வந்தப்பகூட..."

"நீ? சமாளிச்ச?" அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "அப்ப அவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். "போடி, உன் மூக்கு என்னிக்குப் பொய் சொல்லிச்சு" என்றான். டீச்சர் மகள் மட்டும் கேட்டுவிட்டு, "ஒருவேள உங்கப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்றாள். அதையும் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "தெரிஞ்சா எதுக்குடி உன்னக் கேக்கப் போறாரு?" என்றாள். விடுமுறை முடியும்வரை அவள் என்னோடு பேசவில்லை. என் வாழ்நாளில் நான் ஆடிய ஒரே உருப்படியான புளப்பு அது. அதற்கு எனக்குக் கிடைத்தது இதுதான்.

அப்பா அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அக்கா தினமும் குடையோடு வேலைக்குப் போனாள். ஆனால் சந்தில் எது காணாமல் போனாலும் அப்பா அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. மற்றவர்கள் கேட்டால், "சின்னப் பிள்ள, அவளுக்கு என்ன தெரியும்" என்றார்.

அன்றைக்கு அவருக்கிருந்த வயதை இப்போது தாண்டிவிட்டேன். சில நாள் நானாக யோசித்துப் பார்க்கிறேன். அக்காவை பெக்டரி பஸ்ஸில் அவர் பார்த்திருக்கலாம், சார் முன்பே சொல்லியிருக்கலாம். அக்காவிடம் நேராகக் கேட்டால் சண்டை போட வேண்டும், ஒரு முடிவு சொல்ல வேண்டும். அதற்குத் தைரியமில்லாமல் என்னிடமிருந்து கறக்கப் பார்த்திருக்கிறார். நான் வளையவில்லை என்றதும் விட்டுவிட்டார். ஒரு பிள்ளையை மழையில் ஊர்வலம் கூட்டிப் போவதற்குப் பதில், பெரிய மகளை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே என்று இப்போதும் ஆத்திரம் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அக்கா அதே பெக்டரியில் ஓய்வு பெறும்வரை இருந்தாள். முடியைவிட மெல்லிய கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஒட்டுகிற வேலை. கல்யாணமும் ஆனது, வீடும் வாங்கினாள். அப்பா பயந்ததெல்லாம் ஊர் வாய்க்கு. அந்தக் கண்களுக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் பயம் வரவில்லை. இப்போது இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை செய்தாகிவிட்டது, இருந்தும் ஆளை நெருங்கி வந்துதான் அடையாளம் கண்டுகொள்கிறாள்.

போன மாதம் பாலத்துக்கு அக்கரையில் உள்ள பத்து காவான் என்ற ஊரில் அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகளும் அங்கே ஒரு பெக்டரியில்தான் இன்ஜினியர். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களிடம் கதையை ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் சொல்கிற கதை. டைப்பிங் கிளாஸ், மழை, சின்னப் பாட்டி போய்க் கொள்ளுத் தாத்தாவிடம் சொல்லிவிட்டாள். நான் வழக்கம்போல மறுக்க வாயைத் திறந்தேன்.

அவள் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப உன்னக் கொன்னுடலாம்னு இருந்துச்சுடி," என்றாள். "ஆனா பாரு, நீ சொல்லலன்னா நானாச் சொல்லியிருக்கவே மாட்டேன். பயந்துக்கிட்டே வேலைய விட்டிருப்பேன். எனக்கு இருக்கிற இதெல்லாம் நீ சொன்னதாலதான். எத்தனையோ வருஷமா இதச் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். பிள்ளைகளும் கைப்பேசியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். என் தரப்பு நியாயம் முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் படிக்கட்டு, அந்த சார், அந்த மழைக்கோட்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, அக்கா மத்தியானப் படம் பார்த்து மாட்டிக்கொண்ட நாளை எடுத்துக் கண் முன்னால் வைத்துக்கொண்டேன்.

"ஆமாக்கா," என்றேன். "நான்தான் சொன்னேன்."

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் அக்கா. அவ்வளவு நிம்மதி அவள் குரலில். பேத்தியைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். தேத்தண்ணீர் வந்தது, குடித்தேன். வயிறு எரிந்துகொண்டிருந்தது எனக்கு. யாருக்கும் தெரியவில்லை.